பத்தடி முன்னால்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு, உள்ளே ஓர் ஆள்கூட இல்லாத ‘தகைவிலான்’ விமானம் தானாகப் பத்தடி முன்னால் உருண்டு வந்து நின்றது.

அதன் மூக்குக்கு நேரே தேநீர் டம்ளரோடு நின்றிருந்தவர் விமானப் பாதுகாப்புத் துறையின் ஆய்வாளர் வில்சன். துள்ளி விலகியதில் தேநீர் முழுவதும் அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டது. அதைத் துடைக்காமல் அவர் சுற்றிலும் பார்த்தார். கயத்தாறு விமானத் தளத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“விமானம் தானா ஓடி வருது. ஒருத்தரும் ஒரு அடி விலகலை. இங்க என்னைத் தவிர யாருக்கும் உயிர்மேல ஆசை கிடையாதா?” என்று கேட்டார்.

“அது பத்தடிக்கு மேல வராது சார்” என்றார் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மாசானம். அவர் தரைப்பணித் தலைவர். சொல்லிய மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா, ஒரு குத்துமதிப்பா.”

மாடி அறையின் சன்னலில் இருந்து இவ்வளவையும் அறவாழி பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் நகர்ந்ததைவிட, தன் ஆட்கள் அசையாமல் நின்றதுதான் அவருக்கு உறுத்தியது.

வைப்பாறு விமானச் சேவையை நிறுவியவர் அறவாழி. வயது எழுபத்தொன்று. நடக்கும்போதும் உட்காரும்போதும் முதுகு வளையாது. கோவில்பட்டிப் பக்கம் அந்தக் குடும்பத்தைத் தெரியாதவர் இல்லை. அவருடைய தந்தை பள்ளி ஆசிரியர். ஆடி மாதத்தில், அட்டமி நாளில், ராகுகாலத்தில் மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டவர். எமகண்டத்தில் வீட்டுக்குக் கால்கோள் நடத்தியவர். வீட்டில் ஒரு பூனை வளர்த்து, வெளியே கிளம்பும்போதெல்லாம் அதைக் குறுக்கே நடக்க விட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். கடைசியில் அந்தப் பூனைக்குத்தான் சலிப்புத் தட்டியது. அப்படிப்பட்டவரின் மகன் என்பதே அறவாழிக்குச் சொத்து. நிலமும் வீடும் அதற்குப் பிறகுதான்.

பழைய போர்க்காலத்து ஓடுதளங்கள் கயத்தாற்றிலும் செட்டிநாட்டிலும் உளுந்தூர்பேட்டையிலும் முள் மண்டிக் கிடந்தன. மின்சாரத்தில் பறக்கும் பத்தொன்பது இருக்கை விமானங்கள் வந்த காலத்தில் அவற்றைத் துப்புரவாக்கிச் சென்னையோடு இணைத்தவர் அறவாழி. மூன்று விமானங்கள்: தகைவிலான், பனங்காடை, தேன்சிட்டு. எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இல்லாத ஒரு வழக்கத்தையும் அவர் ஏற்படுத்தினார். ஒவ்வொரு நாளும் ஒரு விமானம் சரியாக ராகுகாலத்தில் புறப்பட வேண்டும். திங்கள் காலை ஏழே முக்கால், செவ்வாய் பிற்பகல் மூன்றேகால் என்று கிழமைக்குக் கிழமை நேரம் மாறும். அட்டவணையில் அதற்கு ‘எதிர்நேரச் சேவை’ என்று பெயர். தந்தையின் நினைவாக அறவாழி வைத்த பெயர். இதனால் நேர்ந்த ஒரு வேடிக்கையை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. கயத்தாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் ராகுகாலம் பார்க்க இப்போது யாரும் நாட்காட்டியைத் தேடுவதில்லை. தலைக்கு மேல் விமானம் போனால், கையில் எடுத்த நல்ல காரியத்தைக் கீழே வைத்துவிடுவார்கள்.

பதிமூன்று ஆண்டுகள் இப்படி ஓடின. பிறகு துணை விமானிகள் கிடைக்காமல் போனார்கள். பயிற்சி முடித்து ஓராண்டு ஆனதும் பெரிய நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போய்விடும். இரண்டு பேர் இல்லாமல் விமானம் எழும்பக் கூடாது என்பது சட்டம். இரண்டாவது இருக்கையில் ‘துணைக்கை’ என்ற எந்திரம் அமரலாம் என்று அரசு அனுமதித்த பிறகுதான் அறவாழிக்கு மூச்சு வந்தது.

துணைக்கைக்குப் பாடம் சொல்லித்தர வந்தவள் நஸ்ரின், கடையநல்லூர்ப் பெண். முதல் நாளே அறவாழியிடம் விளக்கிவிட்டாள்.

“இதுக்கு நாம விதி எதுவும் எழுதித் தரப்போறது இல்லை சார். உங்க கேப்டன்கள் ஓட்டின ஒவ்வொரு பயணத்தையும் இதுக்குக் காட்டுவோம். கை எப்போ எங்க போச்சு, கால் எப்போ அழுத்துச்சு, எல்லாம் பதிவுல இருக்கு. பார்த்துப் பார்த்து அதே கையா ஆயிடும். காத்தாலைப் பக்கத்துக் காத்து எப்படி அடிக்கும், மயில் எந்தப் பக்கம் இருந்து ஓடுதளத்துக்கு வரும்னு புத்தகத்துல இருக்காதுல்ல.”

“நல்லதை மட்டும் எடுத்துக்குமா?”

“அதுக்கு நல்லது கெட்டது தெரியாது சார். திரும்பத் திரும்ப நடந்தா, அது சரின்னு எடுத்துக்கும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அறவாழி அப்போது காதில் சரியாக வாங்கவில்லை. எங்கள் கையில் கெட்டது ஏது என்ற நினைப்பு.

ஒன்பது மாதம் அந்த எந்திரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. மாசானம் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார். “வந்து ஒம்பது மாசமாச்சு. தனி அறை, ஏசி, கவனிக்க ஒரு ஆளு. இன்னும் ஒரு வேல செய்யல, பாத்துக்கிட்டே இருக்காரு. பொறவு மாப்பிள்ளைன்னு சொல்லாம?” பிறகு அது பறக்கத் தொடங்கியது. தலைமை விமானி கேப்டன் அறிவுக்கொடி, அறவாழியின் தங்கை. அவர் தரையிறக்கும்போது இடது சக்கரம் ஒரு நொடி முன்னதாகத் தொடும். எந்திரமும் அப்படியே தொட்டது. அன்று தளத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அறிவுக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்கிட்ட இருக்கிற ஒரே குறையை எடுத்துக்கிட்டுதே” என்றார்.

எட்டு நாளாக ஆய்வாளர் வில்சன் சோதித்துக்கொண்டிருந்தார். ஏற்றம், இறக்கம், குறுக்குக் காற்று எல்லாவற்றிலும் தேறிவிட்டது. செவ்வாய்க்கிழமைதான் தரையில் தானாக உருளும் அதிகாரத்தை அதற்குத் தந்தார்கள். அன்றைக்குத்தான் தேநீர் கொட்டியது.

சட்டையை மாற்றிக்கொண்டு வில்சன் அறவாழியின் அறைக்கு வந்தார். நாகர்கோவில்காரர். குரலை உயர்த்தாமல் பேசுபவர்.

“சார், முழு மார்க் போட்டு வச்சிருந்தேன். ஆனா ஆள் இல்லாத விமானம் காரணம் தெரியாம நகர்ந்தா நான் கையெழுத்துப் போட முடியாது. கோளாறு எந்திரத்துக்குள்ள இருந்தா எந்திரத்தை ஒதுக்கிடுவேன். மனுஷங்ககிட்ட இருந்து வந்ததுன்னா, யாரு, எதுக்குன்னு கையெழுத்தோட எழுதித் தாங்க. நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

எந்திரத்தை ஒதுக்கினால், மிச்சமிருந்த துணை விமானிகள் கிளம்பும் மாதக் கடைசியோடு மூன்று விமானங்களும் நின்றுவிடும். சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் அவற்றை வாங்கக் காத்திருந்தது. அதற்குக் கயத்தாறும் வேண்டாம், உளுந்தூர்பேட்டையும் வேண்டாம். இங்குள்ள நாற்பத்து மூன்று பேரும் வேண்டாம்.

வில்சன் போனதும் நஸ்ரின் மடிக்கணினியோடு உள்ளே வந்தாள்.

“சார், இது கோளாறு இல்லை. பழைய பதிவுல தேடிப் பார்த்தேன். பதினாலு வருஷமா தினமும் நடந்திருக்கு.”

“என்ன நடந்திருக்கு?”

“பயணிகள் ஏறுறதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் விமானத்தைப் பத்தடி நகர்த்தி நிறுத்துறாங்க. மூணு விமானத்துலயும் இல்லை. அன்னைக்கு எதிர்நேரச் சேவைக்குப் போகப்போறதை மட்டும். பதிவேட்டுல ஒரு வரி கிடையாது. எனக்கு இந்த நேரக் கணக்குதான் பிடிபடலை. திங்கள் ஏழு இருபது. செவ்வாய் ரெண்டு அம்பது. புதன் பதினொண்ணு அம்பது. வியாழன் ஒண்ணு இருபது…”

“வெள்ளி பத்து இருபது. சனி எட்டு அம்பது. ஞாயிறு நாலு இருபது” என்று அறவாழி முடித்தார்.

நஸ்ரின் திரையைப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. “உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ராகுகாலத்துக்குள் விமானத்தை விட வேண்டும் என்பதற்காகவே அந்த நேரங்களை மனப்பாடம் செய்தவர். ஒவ்வொரு நாளும் ராகுகாலம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் யாரோ விமானத்தை நகர்த்தியிருக்கிறார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது.

“இதை யார்கிட்டயும் சொல்லாதேம்மா” என்று எழுந்தார்.

விமானக் கொட்டகையில் அறிவுக்கொடி, செட்டிநாட்டில் இருந்து அப்போதுதான் வந்திறங்கி, ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார். மாசானம் பக்கத்தில் நின்றார். அண்ணன் வரும் நடையைப் பார்த்ததுமே அறிவுக்கொடி மிட்டாயைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டார்.

“கொடி, எத்தனை வருஷமா?”

“எதுண்ணே?”

“பத்தடி.”

அறிவுக்கொடி மாசானத்தைப் பார்த்தார். மாசானம் கூரையைப் பார்த்தார்.

“நாம தொடங்கின வருஷத்துல இருந்து” என்றார் அறிவுக்கொடி.

“அதுக்குப் பேரு என்ன?”

“நீ சொல்லு மாசானம்.”

“ஏன்க்கா என்ன மாட்டி விடுதீய?” மாசானம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “பரஸ்தானம்னு சொல்லுவாவ அண்ணாச்சி. ஊருக்குப் போற நேரம் சரியில்லேன்னா, முந்தியே நல்ல நேரமாப் பாத்து பையை மட்டும் எடுத்துட்டுப் போயி பக்கத்து வீட்டுல வச்சிருவாவ. பை கெளம்பிட்டுன்னா பயணம் கெளம்பினமாதிரிதான். பொறவு ஆளு எந்நேரம் போனாலும் குத்தமில்ல. நாம எந்தப் பையை எங்க கொண்டுபோயி வைக்க? அதான் விமானத்தையே ரெண்டு எட்டு நகட்டிருதோம்.”

“எங்க அப்பா யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாம என்ன? அவுககிட்டதான் அஞ்சாப்புப் படிச்சேன். பூனையத் தொறந்து விடுத வேல எனக்குத்தான்.”

“அவர் பேர்ல ஓடுற விமானத்துல ராகுகாலம் பார்த்திருக்கீங்க. எனக்குத் தெரியாம. பதினாலு வருஷம். ஊரைக் கூட்டி வச்சு மேடையில நான் பேசுவேன், நீங்க எல்லாரும் வரிசையா உக்காந்து கைதட்டுவீங்க. முகத்துல ஒரு சிரிப்புக்கூட வராம எப்படித் தட்டினீங்க?”

அறிவுக்கொடி எழுந்தார். உயரத்திலும் நிமிர்விலும் அண்ணனுக்குக் குறைந்தவர் இல்லை.

“மாசானத்தை ஏண்ணே வையுதீங்க? எங்களுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது. நீங்க ஆரம்பிச்சதைத்தான் நாங்க விடாம செஞ்சோம்.”

“நானா?”

“மதினியை ஆபரேஷனுக்குச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனோமே, அன்னைக்கு. தொடங்கி மூணாவது மாசம். மூணேகால் விமானம். நான்தான் ஓட்டினேன். நீங்க ரெண்டே முக்காலுக்கு வந்து சன்னலைத் தட்டினீங்க. ‘கொடி, ஒரு பத்தடி முன்னால எடு’ன்னீங்க. எதுக்குண்ணேன்னு கேட்டேன். பதில் சொல்லலை. எடுத்தேன். மணியைப் பார்த்துக்கிட்டீங்க. பிறகுதான் போய் மதினியைக் கூட்டிட்டு வந்தீங்க.”

அறவாழிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. மறக்கக்கூடிய நாளா அது? மனைவி செண்பகத்துக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும், பாதிக்குப் பாதிதான் உறுதி என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“வெயில்” என்றார் அவர். “செண்பகம் ஏறுற இடத்துல வெயில் விழுந்துச்சு. அவளுக்கு மூச்சு வாங்கும். கொட்டகை நிழல்ல ஏறட்டும்னு நகர்த்தச் சொன்னேன்.”

“ஐப்பசியிலயாண்ணே?”

அறிவுக்கொடியின் குரல் தணிந்தது.

“மதினி நல்லபடியாத் திரும்பி வந்தாங்க. பிறகு நானும் மாசானமும் பேசிக்கிட்டோம். அண்ணனுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு, வெளிய சொல்ல முடியலை. இன்னொருதடவை அவர் வந்து சன்னலைத் தட்டுற மாதிரி வைக்கக் கூடாது. நாமளே செஞ்சுருவோம், அவருக்குத் தெரியவும் வேண்டாம்னு. புதுசா வந்த விமானிகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம். பெரியவருக்காக, காரணம் கேக்காதேன்னு. தினமும் ரெண்டு நிமிஷ வேலைதானே.”

“மேடையில கைதட்டுனதும் பொய்யில்ல அண்ணாச்சி” என்றார் மாசானம்.

அறவாழி மாடிக்குத் திரும்பினார். அவருக்கு அவமானம் தாங்கவில்லை. ஒரு வெயிலைத் தவறாகப் புரிந்துகொண்டு, பதினான்கு ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் பெயரைத் தரையில் உருட்டியிருக்கிறார்கள். நாளை வில்சனிடம் என்ன எழுதிக் கொடுப்பது? அறிவுக்கொடி செய்தது என்றால் அவருடைய உரிமம் போகும். ஓய்வுபெற நான்கு மாதம்தான் இருக்கிறது. மாசானம் செய்தது என்றால் அவர் வேலை போகும். எந்திரம் செய்தது என்றால் எல்லோருடைய வேலையும் போகும்.

நஸ்ரின் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

“முதல்தடவை நகர்ந்தது என்னைக்குன்னு அதுல இருக்கா?”

“இருக்கு சார். அக்டோபர் இருபத்தொன்பது. செவ்வாய்க்கிழமை. ரெண்டு நாப்பத்தெட்டு.”

“அன்னைக்கு வானம் எப்படி இருந்ததுன்னு இருக்குமா?”

அவளுடைய கை விசையின் மேல் நின்றது. ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது.

“படிம்மா.”

“வேண்டாமே சார்.”

“படி.”

“முழு மேகமூட்டம். மதியம் ஒண்ணரையில இருந்து மழை. பார்வைத் தூரம் மூணு கிலோமீட்டர்.” அவள் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “விமானம் நகரும்போது முன்கண்ணாடித் துடைப்பான் ஓடுது சார்.”

அறவாழி நாற்காலியில் சாய்ந்தார். யாரும் அவரை அப்படிச் சாய்ந்து பார்த்ததில்லை. அந்த வெயில் அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. செண்பகம் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டதுகூடத் தெரிந்தது. பதினான்கு ஆண்டுகளில் எந்த நாளில் அந்த வெயிலை அங்கே கொண்டுபோய் வைத்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனார். செண்பகம் முருகன் கோவிலுக்குப் போகும் குடும்பத்தில் இருந்து வந்தவர். கணவர் வீட்டுச் சுவரில் சாமி படம் மாட்டக் கூடாது என்றபோது, அலமாரிக்குள் யார் இருக்கலாம் என்று கேட்டவர். அலமாரி உன்னுடையது என்று அறவாழி சொன்னார். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அந்த ஒப்பந்தம் மீறப்படவில்லை.

தோசை வார்த்துக்கொண்டே செண்பகம் எல்லாவற்றையும் கேட்டார்.

“அன்னைக்கு மழை பெஞ்சுதா?” என்றார் அறவாழி.

“குடை பிடிச்சது நீங்கதானே. எனக்கு மட்டும் பிடிச்சிட்டு முழுசா நனைஞ்சிட்டீங்க. ஆஸ்பத்திரியில நர்ஸு, யாருக்குப்பா ஆபரேஷன்னு கேட்டா.”

“விமானத்தை நகர்த்தச் சொன்னது?”

“சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க வீட்டுல பை வைக்கிறதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு விமானம் வச்சாத் தெரியாதா?”

“ஒரு நாளும் நீ கேக்கலையே.”

செண்பகம் தோசையைத் திருப்பினார். “கேட்டா நீங்க இல்லைன்னு சொல்லுவீங்க. சொன்னதை நீங்களே நம்பிருவீங்க. எனக்கு இருந்த ஒண்ணும் இல்லாமப் போயிரும். அன்னைக்கு மயக்க மருந்து குடுக்கையில நான் முருகனை நினைக்கலை, தெரியுமா? இந்த மனுஷன் எனக்காக அப்பாவையே ஒரு பத்தடி நகர்த்தி வச்சிட்டாரேன்னுதான் நினைச்சேன். அதுக்கப்புறம் எப்படிச் சாகிறது?”

தட்டில் மூன்று தோசை இருந்தது. அவர் நான்காவதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் பத்தரைக்கே வில்சன் முன் தாளை வைத்தார். கையால் எழுதியிருந்தார்.

‘என் மனைவியின் உயிருக்கு அஞ்சி, பரஸ்தானம் என்ற நம்பிக்கையின்படி, பதிவேட்டில் குறிக்காமல் விமானத்தை நகர்த்தச் சொன்னவன் நான். என் ஊழியர்கள் அதை என் நிலையான உத்தரவாகக் கொண்டு செய்துவந்தார்கள். எந்திரம் அவர்களிடம் இருந்து கற்றுக்கொண்டது. எந்திரத்தின் மீதோ ஊழியர்களின் மீதோ தவறு இல்லை.’

வில்சன் இரண்டு முறை படித்தார்.

“சார், நீங்க பொறுப்பு மேலாளர். உத்தரவு உங்களோடதுன்னு எழுதினா நீங்க அந்த நாற்காலியில இருக்க முடியாது.”

“சட்டம் எனக்கும் தெரியும்.”

“இது பொது ஆவணம். பேப்பர்காரங்க எடுப்பாங்க.”

“எடுக்கட்டும்.”

“உங்க குடும்பத்தைப் பத்தி எனக்குத் தெரியும். எங்க அப்பா உங்க அப்பாவோட பகுத்தறிவுக் கூட்டத்துக்கு நாகர்கோவில்ல இருந்து வருவார்.” வில்சன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். “வேற ஏதாவது காரணம் இருந்தா…”

“மழை பெய்தது தம்பி” என்றார் அறவாழி. “வேற காரணம் இல்லை. கையெழுத்துப் போடுங்க.”

வில்சன் போட்டார். அந்தப் பதிவுகளை மட்டும் நீக்கிவிட்டு எந்திரத்துக்கு மறுபடி பாடம் காட்ட வேண்டும், அதுவரை மிச்சமிருக்கும் துணை விமானிகளோடு பழையபடி ஓடலாம் என்று நிபந்தனை எழுதினார்.

பேப்பர்காரர்கள் எடுத்தார்கள். மாலைப் பத்திரிகை ஒன்று ‘ராகுகாலம் பார்த்த பகுத்தறிவு விமானம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டது. கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் அந்தத் தாள் தொங்கியபோது அறவாழி அதற்கு நேரே, வழக்கமான நிமிர்ந்த நடையில், வழக்கமான வேகத்தில் நடந்துபோனார். பழைய தோழர் ஒருவர் வழிமறித்து, “உங்க ஐயா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?” என்று கேட்டார். “பொய் சொல்லாதேன்னு சொல்லியிருப்பார். பதினாலு வருஷம் தாமதமாக் கேட்டுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு அறவாழி நடந்தார். அன்று வீட்டில் தந்தையின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். அவ்வளவுதான்.

நாற்காலிக்கு அறிவுக்கொடி வந்தார். முதல் உத்தரவை அண்ணனிடம் கேட்டுத்தான் போட்டார். எதிர்நேரச் சேவை தொடரும். விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். யாருக்காகவும் ஒரு அடியும் நகராது.

“மாசானம், கேட்டுக்கிட்டியா?” என்றார் அறவாழி.

“எனக்கென்ன அண்ணாச்சி. மாப்பிள்ளைக்குத்தான் கை அரிக்கும்.”

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, துணைக்கை முதன்முறையாகப் பயணிகளோடு இரண்டாவது இருக்கையில் அமர்ந்தது. பத்தே முக்காலுக்குப் புறப்பாடு. ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். செண்பகத்துக்கு ஆண்டுதோறும் நடக்கும் இதயப் பரிசோதனை அதற்கு மறுநாள் சென்னையில் இருந்தது. சனிக்கிழமை அதிகாலை விமானத்தில் போகலாமே என்று அறிவுக்கொடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை விமானத்துல என்ன குறை?” என்று அறவாழி கேட்டதும் விட்டுவிட்டார்.

வயதானவர்களை முன்னதாக ஏற்றுவது வழக்கம். பத்து மணி பன்னிரண்டுக்கே இருவரும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். சன்னலோரம் செண்பகம். மற்ற பயணிகள் இன்னும் வரவில்லை. முன்னால் அறிவுக்கொடி ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் இருக்கை காலியாக இருந்தது. அதற்கு எதிரே துணைக்கையின் பச்சை விளக்கு எரிந்தது.

பத்து பதினெட்டு. வெளியே மாசானம் எதையோ துடைப்பதை நிறுத்திவிட்டு நின்றார். பெட்டி அடுக்குகிறவர் நின்றார். கட்டுப்பாட்டு அறைச் சன்னலில் நஸ்ரின் தெரிந்தாள். யாரும் மணி பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் பாடுபடுவது தெரிந்தது.

பத்து இருபது.

விமானம் அசையவில்லை. பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. பதினான்கு ஆண்டுகளில் முதல்முறையாக அந்த நிமிடம் வெறும் நிமிடமாகக் கடந்துகொண்டிருந்தது. அறவாழி முதுகை நிமிர்த்தி, நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

செண்பகம் கீழே பார்த்தார். அறவாழியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் நரம்பு புடைக்கும் அளவுக்கு, நின்ற வண்டியைத் தள்ளுகிறவரைப் போல.

“காலை எடுங்க” என்றார் செண்பகம். “அது போகாது.”

அவர் எடுக்கவில்லை.

செண்பகம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தன் காலையும் அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.